திரைமுன் கூடுவோரும் திடலில் எழுவோரும்

காற்பந்துக் கழகமொன்றின் உரிமையாளர் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினால், இணையத்தில் கண்டனக் குரல்கள் கணப்பொழுதில் ஆயிரக்கணக்கில் எழுகின்றன. மறுவாரமோ அரங்கம் வழக்கம்போல் நிறைந்திருக்கிறது. இரசிகர்களுக்குத் துணிவு குறைவு என்று இதற்குக் காரணம் கூறுவாருளர். அக்கூற்று ஆராய்தற்குரியது.

இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் 2016-இல் தன் ஆன்ஃபீல்டு அரங்கின் மிக உயர்ந்த நுழைவுச்சீட்டுக்கு 77 பவுன் என விலை குறித்தது. பிப்ரவரி 6-ஆம் நாள், சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில், ஏறத்தாழ 10,000 இரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்பொழுது லிவர்பூல் இரண்டு கோல்கள் முன்னணியில் இருந்தது. ஆட்டமோ 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரி, அவ்வுயர்வைக் கைவிட்டனர்.

இவ்வெற்றியின் உயிர்நிலை யாது? எழுந்தவர் ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் எழுவதைக் கண்டார். ஆட்டத்தை இழப்பவர் தாம் மட்டுமல்லர் என்னும் உறுதி அவருக்குக் கிட்டியது. நாளும் நிமிடமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. குறித்தளித்த இரசிகர் சங்கங்களும் ஊரில் வேரூன்றி நின்றவை.

இணையவழி இரசிகருக்கு இவ்வுறுதி வாய்ப்பதில்லை. கழகச் சட்டை வாங்குவதில்லை, தொலைக்காட்சிச் சந்தா கட்டுவதில்லை என ஒருவர் சூளுரைக்கலாம். பிறரும் அவ்வாறே நின்றனரா என்பதை அறிய அவருக்கு வழியில்லை. மற்றவர் போராடி வென்றால் பயன் தமக்கும் வந்து சேரும். தாம் ஒதுங்கி நின்றாலும் கேட்பாரில்லை. பெருங்குழுக்களில் பொதுச்செயல் தளர்வதன் காரணத்தை மேன்கர் ஓல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1965-இல் இவ்வாறே விளக்கினார். ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடத்தைத் தொட்டபடி நடப்பவரும் உண்டு. அத்தகையோர் எத்தனைபேர் என்பது தேர் நகராதபோதுதான் புலப்படும்.

மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வரலாறு மற்றொரு தடையைக் காட்டுகிறது. 2005-இல் கிளேசர் குடும்பம் பெருங்கடன் கொண்டு அக்கழகத்தை வாங்கியது. சினந்தோரில் ஒரு சாரார் பிரிந்து, அவ்வாண்டிலேயே எஃப்.சி. யுனைடெட் என்னும் புதுக்கழகம் கண்டனர். இன்னொரு சாரார் 2010-இல் கழகத்தின் தொடக்ககால நிறங்களான பச்சையும் பொன்னும் கலந்த கழுத்துத்துணி அணிந்து, அரங்கினுள் இருந்தே எதிர்த்தனர். விலகுவதா, உள்ளிருந்து போராடுவதா என்னும் வினாவில் கழகப்பற்றே அவர்களைப் பிரித்தது. இருவகை முயற்சியாலும் அக்குடும்பம் அகலவில்லை.

இதனால் இணையம் பயனற்றது எனத் துணிதல் கூடாது. 2021 ஏப்ரல் 18-ஆம் நாள் 12 பெருங்கழகங்கள் ஐரோப்பிய சூப்பர் லீக் போட்டியை அறிவித்தபோது கண்டனம் இணையத்தில் தீயெனப் பரவியது. இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. ஆயின் அன்று எதிரெதிர்க் கழகங்களின் இரசிகர்களுக்கும் குறை ஒன்றாகவே இருந்தது. அரசும் காற்பந்துச் சங்கங்களும் அவர்கள் பக்கம் நின்றன. செல்சி இரசிகர்கள் தெருவிலும் திரண்டனர். அன்றாடக் குறைகளுக்கு இத்தகைய ஒருமை அமைவதில்லை.

ஜெர்மனியில் நிலைமை வேறு. சில விலக்குகள் நீங்கலாக, கழக உறுப்பினர்க்கே பெரும்பான்மை வாக்குரிமை அளிக்கும் விதி அங்கு 1998 முதல் நிலவுகிறது. 2023 டிசம்பரில் லீக் அமைப்பு வெளி முதலீட்டாளரைச் சேர்க்க முடிவெடுத்தபோது, இரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைத் திடலில் எறிந்து ஆட்டங்களை இடைநிறுத்தினர். 2024 பிப்ரவரி 21-ஆம் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டது. வாக்கும் அமைப்பும் உடையோரின் குரலுக்கு எடை மிகுதி என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, குரல்களின் பெருக்கத்தைக் கூட்டத்தின் வலிமையெனக் கொள்வது பிழை. ஒரே குறை, பகிர்ந்துகொண்ட இழப்பு, ஒருவரையொருவர் அறிந்த நம்பிக்கை ஆகிய மூன்றுமே எதிர்ப்பை இயக்கமாக்குகின்றன. இணையம் அழைப்பைக் கொண்டு செல்லும். அழைத்தால் வருவர் என்னும் நம்பிக்கையை அது தானே ஆக்கித் தருவதில்லை. சங்கம் அமைத்தல், உறுப்பினரைச் சேர்த்தல், கூடிப்பேசி முடிவெடுத்தல் என்னும் பழம்பணிகளே அந்நம்பிக்கையை வளர்ப்பன. இளைய தலைமுறையினர் இவற்றைப் பயில்வது காற்பந்துக்கு மட்டுமன்றிப் பொதுவாழ்வு முழுமைக்கும் துணையாகும்.