கிழவிகளின் சிரிப்பும் நமது விமர்சனமும்

1

நமது சிறுகதைகளில் வருகிற கிழவிகள் அநேகமாகச் சிரிப்பதில்லை. திண்ணையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு மூட்டை மாதிரித் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். கஞ்சிக்குக் காத்திருந்து கடைசிப் பத்தியில் செத்துப்போகிறார்கள். எழுதுகிறவரின் மனிதாபிமானத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு கிழவி தேவைப்படுகிறாள் என்றுகூடச் சொல்லிவிடலாம். இதைப் பிறர்மேல் குற்றச்சாட்டாக வைக்க எனக்கு யோக்கியதை கிடையாது. இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். கதையில் அல்ல, 'ஆய்வில்'.

2011இல் தமிழ் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஒப்பாரி பற்றி ஓர் ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. தகவலாளி தேடி அலையவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. காளையார்கோயில் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பத்தாவே ஒப்பாரிக்குப் பேர்போனவள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, கம்மாக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட அவள் சோட்டுக் கிழவிகள் இரண்டு பேர். வெற்றிலைப் பையும் வந்தது. இரவல் வாங்கிய சின்ன ரெக்கார்டரில் மொத்தம் 47 நிமிடம் பதிவானது.

புருஷனுக்குப் பாடுகிற ஒப்பாரி. அவனை ராசா என்றும் தங்கம் என்றும் ஏற்றி ஏற்றிச் சொல்லிக்கொண்டு போகிற இடத்தில் அப்பத்தாவின் குரல் உடைகிறது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். 'அந்த மனுசன் ராசாவா? வெத்தல பாக்குக்கு எங்கிட்ட அஞ்சு ரூவா கடன் வாங்கிட்டுப் போன மனுசன். குடுக்காமலே போய்ச் சேந்துட்டாரு. பாட்டுன்னா அப்படித்தான் ஆத்தா, செத்தவனெல்லாம் ராசாதான்.' பக்கத்துக் கிழவி எடுத்துக் கொடுக்கிறாள்: 'இருக்குறப்ப ஒரு தடவ ராசான்னு கூப்புட்டிருந்தீன்னா இன்னும் ரெண்டு வருசம் கெடந்திருப்பாரு.' பிறகு மூன்று பேருமாகச் சிரிக்கிற சிரிப்பு. இருமல் வருகிறவரை சிரிப்பு.

ஆய்வேட்டில் நான் என்ன எழுதினேன்? 'இடையில் பேச்சு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். பின்னிணைப்பில் ஏறியது மொத்தம் 11 நிமிடப் பாட்டு. யாரும் வெட்டச் சொல்லவில்லை. நானாகத்தான் வெட்டினேன். 'கைம்மை அவலம்' என்று ஒரு இயல் வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பு உள்ளே வந்தால் அந்த இயல் நிற்காது.

2

இந்த வெட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், நான் படித்த பாடங்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

புறநானூற்றில் முதியவளுக்கு மகிழ்ச்சியே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. எப்போது? 277ஆம் பாட்டில், மகன் யானையை வீழ்த்தித் தானும் செத்தான் என்று கேட்டபோது நரைத்த தாய்க்கு அவனைப் பெற்ற அன்றைவிடப் பெரிய மகிழ்ச்சி வருகிறது. 278இல், மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் சொல்லக் கேட்டுக் கையில் வாளோடு களத்துக்குப் போன கிழவி, பிணங்களைப் புரட்டித் தேடி, துண்டுபட்டுக் கிடப்பவனைக் கண்டதும் அதே மகிழ்ச்சி. ஆக, முதியவளுக்கு உவகை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் பிள்ளையின் பிணத்தின்மேல் நின்று, அரசனின் போருக்காக உவக்கவேண்டும். இதற்கு எதிரில் 243ஐ வைத்துப் பாருங்கள். தொடித்தலை விழுத்தண்டினார் என்று பாட்டிலிருந்தே பெயர் பெற்ற கிழவர், தடியை ஊன்றி இருமிக்கொண்டே, இளமையில் பெண்களோடு கைகோத்து நீராடியதையும், மருதமரத்துக் கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் நினைத்துப் பார்க்கிறார். விளையாட்டின் நினைவு கிழவருக்கு, வீரத்தின் செலவுக் கணக்கு கிழவிக்கு. அவரோடு கைகோத்து ஆடிய பெண்களும் கிழவிகளாகியிருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு அந்த மடுவைப் பற்றி என்ன நினைவு இருந்தது? அந்தப் பாட்டில் அதற்கு இடம் இல்லை.

அவ்வைக்கு வருவோம். வழங்கிவரும் கதைப்படி, கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியது அவளுடைய முதுமை. காரைக்கால் அம்மையாரும் அப்படித்தான். கணவன் விலகிப்போனபின் அழகைக் கழற்றி எறிந்து பேயுருவைக் கேட்டுப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. இந்தக் கதைகளின் தர்க்கம் ஒன்றுதான்: ஒரு பெண் தெருவில் இறங்கிப் பாட வேண்டுமானால் முதலில் இளமையை ஒப்படைத்துவிட வேண்டும். 1953இல் வாசன் 'ஔவையார்' எடுத்தபோது அதில் நடித்த கே.பி. சுந்தராம்பாள் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். 1933இல் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைப் புடவைக்கு மாறியவர் அவர். கிழவி வேஷம் அவருக்குப் பொருந்திய விதத்தில் வயதுக்கு மட்டுமே பங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படி விலை கொடுத்து வாங்கிய கிழத்தனத்திலும் நாம் எதை வைத்துக்கொண்டோம் என்பதைக் கவனியுங்கள். தனிப்பாடல் திரட்டில் அவ்வை பேரில் வசையும் நக்கலும் எவ்வளவோ கிடக்கின்றன. பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். கேலி செய்யும் அவ்வை போய், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் அவ்வை மட்டும் மிஞ்சினாள். எல்லோருக்கும் தெரிந்த நாவல்மரக் கதையில்கூடச் சிரிப்பு மரத்தின்மேல் சிறுவனிடம்தான் இருக்கிறது. கிழவி கீழே நின்று பழத்தை ஊதித் தோற்றுப்போகிறாள்.

3

சிரிக்கும் கிழவி என்றதும் நமது சிறுபத்திரிகை வாசகருக்குப் பக்தின் ஞாபகத்துக்கு வருவார். ராபெலே பற்றி 1965இல் வெளியான அவரது நூலில், கெர்ச்சில் கிடைத்த சுடுமண் பொம்மைகளைப் பற்றிச் சொல்கிறார். தளர்ந்துபோன, கருவுற்ற கிழவிகள். அவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள். சாவும் பிறப்பும் ஒரே உடலில் இருக்கிற, முடிந்துபோகாத உடல் என்று அதை அவர் கொண்டாடுகிறார். திருவிழாக் கலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது. 'கொண்டாட்டம்', 'கலகம்' என்ற சொற்களை நாம் இங்கே புழங்கிய வேகத்தில் ஒரு கேள்வியைக் கேட்க விட்டுவிட்டோம். மேரி ரூசோ 1986இல் வெளியான ஒரு கட்டுரையில் அந்தப் பொம்மைகளுக்கு முன்னால் நின்று, பெண்ணிய வாசகிக்கு இந்தப் படிமம் அவ்வளவு எளிதாக இருக்காது என்றார். முதுமையையும் பெண்ணுடலையும் பற்றிய பழைய அச்சங்களும் வெறுப்புகளும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. பக்தின் அவற்றைப் பார்க்கவில்லை.

எனக்கு அதோடு இன்னொன்றும் உறுத்துகிறது. பக்தினின் கிழவிகள் சிரிக்கிறார்கள், ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிவதில்லை. பொம்மைக்கு வாய் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. என் பதிவில் பேச்சு இருக்கிறது. 'செத்தவனெல்லாம் ராசாதான்' என்கிற வாக்கியத்தை இத்தனை வருஷம் கழித்துக் கேட்கும்போது எனக்கு வேறொன்று படுகிறது. அது ஒப்பாரி என்கிற வடிவத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு. ஒப்பாரியில் வரும் புகழ்ச்சி செத்தவனின் குணத்திலிருந்து பிறப்பதில்லை, அந்த வடிவத்தின் விதியிலிருந்து பிறக்கிறது என்பதை அப்பத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அறுபது வருஷமாக ஊர்ச்சாவுகளில் உட்கார்ந்து பாடியவளுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்துகொண்டே பாடினாள். பாடும்போது நிஜமாகவே அழவும் செய்தாள். நான் ஒரு இயல் முழுக்க மேற்கோள் மேல் மேற்கோளாக அடுக்கி எட்ட முடியாத இடம் அது. என் ஆய்வேட்டில் நான் பாட்டை வைத்துக்கொண்டு, பாட்டின்மேல் வந்த விமர்சனத்தைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

கிழவிகளின் நகைச்சுவை என்று நான் சொல்வது இதைத்தான். பொக்கை வாய்ச் சிரிப்பு என்று நாட்காட்டிப் படம் போடுகிற குழந்தைத்தனத்தை அல்ல. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடும்போது யாருக்கு மோசமான வரிகள் தெரியும் என்று நமக்கெல்லாம் தெரியும். மணமேடைக்குப் பக்கத்தில் வரக்கூடாதென்று பின்கட்டில் உட்காரவைக்கப்பட்ட தாலியறுத்த கிழவிதான் வரியை எடுத்துக் கொடுப்பாள். சடங்கின் விதி அவ்வளவும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சடங்கு இனிமேல் அவளைக் கட்டாது, அவளுக்கு எதையும் தரவும் தராது. உள்விவரமும் வெளியே நிற்கிற தூரமும் சேர்ந்த அந்த இடத்திலிருந்துதான் நக்கல் வருகிறது. விமர்சகர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறவர்கள் ஆசைப்படுவதும் அந்த இடத்துக்குத்தானே?

1994இல் வந்த பாமாவின் 'சங்கதி'யில் இதற்கு இடம் இருந்தது. வெள்ளையம்மாக் கிழவியின் வாயைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிரதி நடக்கத் தொடங்குகிறது. பட்டப்பேரும் கேலியும் வசையும் பாட்டுமாகப் பெண்கள் அதில் புழங்குகிறார்கள். நான் படித்த வகுப்பறையில் அதை ஒடுக்குமுறையின் ஆவணமாக மட்டும் நடத்தினார்கள். குறிப்பேட்டில் 'வலி' என்று எழுதி அடிக்கோடிட்டேன். படிக்கும்போது நான் எத்தனை இடத்தில் சத்தமாகச் சிரித்தேன் என்று எழுத அந்தக் குறிப்பேட்டில் தலைப்பு இல்லை.

4

உடனே இதைக் கொண்டாடப் போய்விட வேண்டாம். ஒரு சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது என்பதைப் பார்க்காமல் அதைக் கலகம் என்று சொல்வது சோம்பேறித்தனம். அதே 47 நிமிடத்தில் பிள்ளை இல்லாத ஒருத்தியைப் பற்றி மூவரும் சிரிக்கிற இடம் வருகிறது. காலனியிலிருந்து சாவுக்கு வந்து மாரடித்தவர்களின் பேச்சை அப்பத்தா நடித்துக் காட்டுகிற இடம் வருகிறது. அங்கேயும் அதே சிரிப்பு, அதே இருமல். நானும் சிரித்திருக்கிறேன். என் குரல் பதிவில் இருக்கிறது. இதையும் சேர்த்துத்தான் வெட்டினேன். வெட்டியது எனக்கு அப்போது வசதியாகவும் இருந்திருக்கும்.

பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மாமியாரின் குரலைப் பாதிவரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். 'ஒனக்கென்ன, அது சிரிப்பு. இருவது வருசம் அடுப்படியில நின்னு கேட்டவளுக்கு அது குத்தலு.' மருமகளாக இருந்தபோது வாய் திறக்காத ஒருத்தி கிழவியானபின் சிரிக்கிறாள் என்றால், அந்த இடைவெளியில் இன்னொரு மருமகள் வந்து வாய் மூடியிருக்கிறாள். இந்தக் கணக்கையும் போடாமல் 'முதுமையின் விடுதலை' என்று பேசுவது என் அம்மாவுக்குச் செய்கிற துரோகம்.

5

இன்னொரு கணக்கும் உண்டு. கிழவியின் சந்தோஷத்துக்குக் காசு வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மாத்திரையும் போக வெற்றிலைக்கு என்ன மிஞ்சும்? நூறுநாள் வேலைக்கு அப்பத்தா போனது கூலிக்கு மட்டுமல்ல. வேப்பமரத்தடியில் மம்பட்டியைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசின பேச்சுக்கும் சேர்த்துத்தான். 'கிழவிகள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்று ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு எரிச்சல் வந்ததன் காரணம் கூலி மட்டுமா, அந்தச் சிரிப்புமா?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சிவகங்கையிலிருந்து ஊருக்குப் போகையில் ஒருமுறை இரண்டு கிழவிகள் என் பக்கத்து இருக்கையில். பை இல்லை, மூட்டை இல்லை. எங்க போறீக என்று கேட்டேன். 'எங்கயும் போகல. போயிட்டு வர்றோம்.' மற்றவள் சொன்னாள்: 'அந்தாளு இருந்தவரைக்கும் எங்கடி போறன்னு கேட்டாரு. இப்பக் கண்டக்டரு கேக்குறாரு. கண்டக்டரு தேவல, கேட்டுட்டுச் சீட்டுக் குடுக்குறாரு.' பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். பல்லவர் சோழர் காலத்துக் கதைகளில் பேயாகவோ கிழமாகவோ மாறித்தான் ஒருத்தி ஊர்வழி போக முடிந்தது. இவர்கள் போவதற்கு ஒரு பூச்சிய ரூபாய்ச் சீட்டு போதுமாயிருக்கிறது. ஆனாலும் இவர்களும் கிழவிகளான பிறகுதான் போகிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

6

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. பதிவின் 38ஆவது நிமிடத்தில் அப்பத்தா சட்டென்று நிறுத்திவிட்டு என்னைக் கேட்கிறாள்: 'ஏத்தா, இதெல்லாமா எழுதப் போற?' நான் சொல்கிறேன்: 'இல்லப்பத்தா, பாட்ட மட்டுந்தான்.' 'அப்பச் சரி' என்கிறாள். அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே பேசுகிறார்கள். மீதி ஒன்பது நிமிடம். கல்யாணமான புதிதில் நடந்தது, ராத்திரிகள், பிரசவம், யார் யாரிடம் மனசு போனது என்று எல்லாம். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, 'ஒப்பாரியிலகூட இம்புட்டு அழுகல' என்கிறாள்.

ஆக நான் வெட்டியது பாதி என் மூடத்தனம், பாதி அவளுக்குக் கொடுத்த வாக்கு. எழுத்துக்கு வெளியே இருக்கிறோம் என்கிற தைரியத்தில் வந்த சிரிப்பை எழுத்துக்குள் கொண்டுவருவது மீட்பா, இன்னொரு பறிப்பா? அப்பத்தா 2019இல் இறந்துபோனாள். கேட்க ஆளில்லை. கள ஆய்வு செய்கிற தோழர்கள், கதை சேகரிக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை யோசிக்கவேண்டும். குறைந்தபட்சம், சிரித்த இடத்தில் சிரித்தார்கள் என்றாவது குறிப்போம். எதற்கென்று சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அவள் கேட்டதற்கு முந்திய 38 நிமிடத்தை, எனக்கு வெட்கம் தரும் இடங்கள் உட்பட, இப்போது மறுபடி எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறேன். கடைசி ஒன்பது நிமிடத்தை எழுதவில்லை. அவ்வப்போது போட்டுக் கேட்கிறேன்.