காளஹஸ்தி மறுபடி சித்தூருக்குப் போனால்

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூரின் கூடூர், சூளூர்பேட்டை வட்டாரங்களும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் உருவானது. அதையொட்டித் திருத்த வேண்டியிருந்த ஊர்ப் பட்டியல் ஒன்றை, பழைய விண்டோஸ் நோட்பேடில் ஒருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு ஸ்கிரிப்ட் அதே கோப்பில் காளஹஸ்தியைத் திருப்பதிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பி வந்தவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிக்கிறார். காளஹஸ்தி சித்தூருக்கே போய்விட்டது. நோட்பேட் மூச்சு விடவில்லை.

எடிட்டர் காட்டுவது கோப்பை அல்ல, திறந்த நொடியில் நினைவகத்தில் எடுத்துக்கொண்ட படியை. மூலம் மாறியதா என்று அறிய, கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தை ஒப்பிடுவது பழைய வழி. 2005இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஐநோட்டிஃபை போன்ற வசதிகள், மாற்றம் நடந்ததும் தாமே வந்து சொல்லும். ஆக, கண்டுபிடிப்பது பெரிய சிக்கல் இல்லை. கண்டுபிடித்ததை எப்போது, எப்படிச் சொல்வது என்பதில்தான் எடிட்டர்கள் முரண்படுகின்றன.

நோட்பேட் பிளஸ் பிளஸ் வழக்கமாக, அதன் ஜன்னலுக்குத் திரும்பியதும் கேட்கும்: வேறொரு நிரல் கோப்பை மாற்றியிருக்கிறது, மறுபடி ஏற்றட்டுமா? நேர்மையான கேள்விதான். ஆனால் நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் ‘கிட்’ கருவியில் கிளை மாற்றினால் இருபது கோப்புகள் ஒரே வீச்சில் மாறும். கேள்விகளும் அப்படியே வரிசைகட்டும். ஐந்தாவது கேள்வியிலிருந்து விரல் படிக்காமலேயே ‘ஆம்’ தட்டப் பழகிவிடும்.

விஎஸ் கோட் கேட்பதே இல்லை. சேமிக்காத திருத்தம் எதுவும் இல்லையென்றால் புதிய உள்ளடக்கத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொள்ளும். திருத்தம் இருந்தால், சேமிக்கும்போது மறுத்து, இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லும். அந்த ஒப்பீடு அருமையான வசதி. ஆனால் அந்தக் கணத்துக்குள் ஒருவர் ஒரு மணி நேரம் பழைய பட்டியலின் மேல் உழைத்திருக்கலாம்.

தருணத்தைச் சரியாகப் பிடித்தது ஈமாக்ஸ். கோப்பு வெளியே மாறியிருந்தால், முதல் எழுத்தைத் தட்டும்போதே உண்மையிலேயே திருத்தப் போகிறீர்களா என்று நிறுத்திக் கேட்கும். முரண்பாடு பிறக்கும் இடம் அதுதான். சும்மா வாசிப்பவரை அது தொந்தரவு செய்வதில்லை. கேள்வி திரையின் அடிவரியில், புதியவர் மிரளும் சுருக்கத்தில் வருவதுதான் குறை.

சத்தமில்லாமல் ஏற்றுவதிலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிதாக வெட்டினார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் இத்தகையவற்றைப் பழங்கற்படி என்றே குறிப்பதுண்டு. வாசிப்பவருக்கு இது மூலமல்ல, படி என்று தெரிந்துவிடும். கண்முன்னே உரையை மாற்றிவிட்டு ஒரு வரிகூடச் சொல்லாத எடிட்டரிடம் அந்த நாணயம் இல்லை. விம் இதில் பாதி தேறுகிறது: 2010இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, மறுபடி ஏற்றுவதற்கு முந்தைய உரையையும் ‘அன்டூ’ மூலம் மீட்கலாம். பெரிய கோப்புகளுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. இயல்பான வரம்பு 10,000 வரிகள்.

இப்போது நிரல்வரிகளை ஒழுங்குபடுத்தும் கருவிகளும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் திறந்திருக்கும் கோப்பில் நாள் முழுக்கக் கைவைக்கின்றன. ஈமாக்ஸின் தருணத்தையும் விஎஸ் கோடின் ஒப்பீட்டையும் ஒரே எடிட்டரில் இயல்பாகவே தந்தால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி அலுவலகங்களின் பகிர்வு கோப்புறைகளில் இருக்கிறது: நெட்வொர்க் வழியே இன்னொரு கணினி செய்த மாற்றத்தை ஐநோட்டிஃபை சொல்லாது. அங்கே மிஞ்சுவது சேமிக்கும்போது நேரத்தை ஒப்பிடும் அந்தப் பழைய வழிதான். அதிலும் ஒப்பிடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதற்குள் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி முடித்திருக்கலாம்.