தடுப்புக்கு அந்தப் பக்கம்

மேஜையின் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பவர்கள் எதிரிகள். கூட்டாளி இருப்பது தடுப்புக்கு அந்தப் பக்கம். அவர் முகம் தெரியாது, கை அசைவது தெரியாது. தடுப்பின் அடியிலிருந்து ஒரு தட்டு மெல்ல நகர்ந்து வருகிறது. அதில் கூட்டாளி வைத்த ஓர் அட்டை: இரண்டு ஆட்டின். அவர் பேசியது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, அவர் கையில் இருக்கும் 13 சீட்டையும் இவர் மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

உலகின் பெரிய பிரிட்ஜ் ஜோடிகள் மோதும் இடங்களில் காணக் கிடைப்பது இந்த அமைதிதான். ஓடுவதில்லை, கத்துவதில்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் இந்த ஆட்டங்களை நேரடியாகப் பார்க்கும்போது நால்வர் கையும் நமக்குத் திறந்து கிடக்கும். ஆடுபவருக்கோ தன் கையும், மேஜையில் விரித்து வைக்கப்பட்ட கூட்டாளியின் கையும் மட்டுமே தெரியும். மீதி 26 சீட்டு எங்கெங்கே இருக்கிறது என்று அவர் துப்பறிந்து துப்பறிந்து நெருங்கி வருவதை, விடை தெரிந்த நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். ராகத்தின் பெயர் தெரிந்த பிறகும் ஆலாபனையை ஏன் கேட்கிறோம்? அதே காரணம்தான் இங்கேயும்.

ஆடத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 52 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு 13. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு ஜோடி. முதலில் ஏலம்: எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று போட்டி போட்டுக் கேட்பது. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டையும் வெல்வது ஒரு பிடி. ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு டம்மியாக உட்கார்ந்திருப்பார். அவர் சீட்டையும் சேர்த்து ஆடுவது ஏலம் எடுத்தவர் பொறுப்பு. இன்று ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் தந்தவர் அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட். 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் புதிய புள்ளிக் கணக்கை வகுத்துச் சக பயணிகளுடன் ஆடிப் பார்த்தார். ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகள் மட்டும் 63,501 கோடிக்கு மேல். ஆகவே இந்த ஆட்டத்தை யாரும் மனப்பாடம் செய்து ஆட முடியாது.

சரி, நல்ல சீட்டு வந்தவர்தானே ஜெயிப்பார்? நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. போட்டி பிரிட்ஜில் அதற்கு இடமில்லை. ஒரு மேஜையில் ஆடி முடித்த அதே நாலு கைகளும் கலைக்கப்படாமல் ஒரு பலகையில் செருகப்பட்டு அடுத்த மேஜைக்குப் போகும். அங்கேயும் வடக்குக்கு அதே 13, தெற்குக்கு அதே 13. எட்டுத் தறிக்கு ஒரே பாவும் ஒரே ஜரிகையும் அளந்து கொடுத்துவிட்டு, எந்தத் தறியில் இறங்கிய சேலை நேர்த்தி என்று பார்ப்பதுபோல. உச்ச நீதிமன்றம் 1967இல் ரம்மி பற்றிய ஒரு வழக்கில், அது முக்கியமாகத் திறமையின் ஆட்டம் என்று சொன்னபோது, பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வில் இருக்கும் தற்செயலோடுதான் அதை ஒப்பிட்டது. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கும் மொழியில் வளர்ந்தவர்கள் நாம். சீட்டு என்றாலே முகம் சுளிப்பது இயல்பு. பந்தயத்தையும் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

அழைப்பின் பேரில் மட்டும் சிறந்த ஜோடிகளைக் கூட்டி நடத்தும் போட்டிகள் தனி ரகம். 1975இல் நியூயார்க்கின் கேவண்டிஷ் கிளப்பில் தொடங்கிய கேவண்டிஷ் போட்டி பின்னர் லாஸ் வேகாஸுக்குப் போனது. அங்கே ஆட்டத்துக்கு முன்பு ஜோடிகளையே ஏலம் விடுவார்கள். எந்த ஜோடி வெல்லும் என்று நம்பினார்களோ அதைப் பணம் கட்டி வாங்குவார்கள். இவ்வகை ஏலத்துக்குப் பெயரே கல்கத்தா. அந்நகரத்துக் குதிரைப் பந்தயத்திலிருந்து போன பெயர் அது. இந்த ஏலத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. லண்டனில் மெக்காலன் பெயரில் நடந்த போட்டியின் அமைப்புதான் எனக்குப் பிடித்தது: 16 ஜோடிகள், எல்லோரும் எல்லோருடனும் மோத வேண்டும். பலவீனமான எதிரி என்று ஒருவர்கூட இல்லாத அரங்கு. கச்சேரி சீசனில் முன்வரிசை முழுக்க வித்வான்களே உட்கார்ந்திருக்கும் சபையில் பாடுவதுபோல இருக்கும் அது.

ஜோடிப் போட்டியின் முழுச் சுவையும் மேட்ச்பாயின்ட் என்ற கணக்குமுறையில் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் நாலு இஸ்பேட் ஏலம் கேட்கும் கை இருக்கிறது. பத்துப் பிடி எடுத்தால் 420. அதே கையில் துருப்பே இல்லாமல் மூன்று நோ-டிரம்ப் கேட்டு ஒன்பது பிடி எடுத்தால் 400. பத்து எடுத்தால் 430. பத்துப் புள்ளிதானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. எட்டு மேஜைகளில் ஏழு ஜோடிகள் 420 வாங்கியிருக்க, நீங்கள் மட்டும் 430 வாங்கினால், நீங்கள் பின்தள்ளிய ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு என்று 14க்கு 14. ஒரு பிடி குறைந்து 400 ஆனால் பூஜ்யம். எவ்வளவு வித்தியாசத்தில் வென்றீர்கள் என்பதை இந்தக் கணக்கு கேட்பதில்லை. எத்தனை பேரை வென்றீர்கள் என்று மட்டும் கேட்கிறது.

இதனால் ஆட்டக்காரரின் மனம் படும் பாடு இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சொன்ன பிடிகள் கைக்கு வந்துவிட்டன. இன்னொரு பிடிக்கு ஆசைப்பட்டால் எல்லாமே கவிழலாம். அணிப் போட்டியில் யாரும் அந்த ஆபத்தைத் தொட மாட்டார்கள். இங்கே தொட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மற்ற ஏழு மேஜைகளிலும் யாராவது தொட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏழு பேரையும் எதிரே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சீட்டும் விழுகிறது. கேவண்டிஷில் மேட்ச்பாயின்ட் முறை இருக்கவில்லை. வித்தியாசத்தின் அளவைப் பொறுத்துப் புள்ளி தரும் இம்ப் முறைதான் அங்கே இருந்தது. அதுவே நியாயமான கணக்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. என் ஓட்டு மேட்ச்பாயின்ட்டுக்கு.

ஆனால் நான் அதிகம் ரசிப்பது ஏலம் எடுத்தவரை அல்ல. அவரைத் தடுத்து ஆடும் ஜோடியை.

இஸ்பேட் துருப்பு. நீங்கள் கிளாவர் ஏஸை இறக்குகிறீர்கள். விரித்த டம்மியில் மூன்று கிளாவர் இருக்கிறது. கூட்டாளி 9ஐப் போடுகிறார்: அதையே தொடர்ந்து ஆடு. 2ஐப் போட்டிருந்தால்: வேண்டாம், வேறு பக்கம் போ. இது பால பாடம். இப்போது டம்மியில் கிளாவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி அதே 9ஐத்தான் போடுகிறார். ஆனால் இனி கிளாவர் ஆடினால் டம்மி துருப்பால் வெட்டிவிடும். கிளாவரைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே இந்த 9 வேறு சேதி சொல்கிறது: மிச்சமிருக்கும் ஆட்டின், டைமன் இரண்டில் உயர்ந்த இனமான ஆட்டினுக்கு மாறு. சீட்டு அதேதான், பொருள் மாறிவிட்டது. இடம் பார்த்துச் சொல்லுக்குப் பொருள் கொள்வது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது என்பதுதான் முக்கியம். இந்த 9க்கு உங்களுக்குள் என்ன பொருள் என்று எதிரி கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜோடியின் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டு எதிரி கையில் தரப்படுகின்றன. மொழி எல்லோருக்கும் பொது. அப்படியிருந்தும், இருபது வருஷம் சேர்ந்து ஆடிய இருவருக்கு மட்டும் அந்த மொழியில் கூடுதலாக ஏதோ கேட்கிறது. எந்த இடத்தில் கூட்டாளி துணிவார், எந்த இடத்தில் அடங்குவார் என்ற பழக்கத்தின் ஞானம் அது.

நான் காஞ்சிபுரத்துக்காரன். பிள்ளையார்பாளையத் தெருக்களில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்து வளர்ந்தவன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே ஊடை கரையிலிருந்து கரை வரை ஓட முடியாது. எனவே மூன்று நாடா: நடுவுக்கு ஒன்று, இரு கரைக்கும் தனித்தனியே ஒன்று. தனி ஒருவரால் முடிகிற வேலையல்ல. குழித்தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை எறிந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்துக்கொள்கின்றன. ஒருவர் இழையைத் தளர விட்டாலும் ஒருவர் இறுக்கி இழுத்தாலும் கரை சேரும் கோட்டில் அது தெரிந்துவிடும். வேலை நடக்கும்போது இருவரும் வேலையைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பேச்சு என்றால் வீட்டுக் கதை, கடைக் கதை. நாடா எப்போது வர வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை.

பின்னாளில் நல்ல பிரிட்ஜ் ஜோடி ஒன்று தடுத்து ஆடுவதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தறிதான் ஞாபகம் வந்தது. ஒருவர் எறிகிறார், மற்றவர் வாங்குகிறார், இடையில் துணி வளர்கிறது. ஒரு வேற்றுமை உண்டு. தறியில் தாளம் காதில் விழ வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் ஓடுகிறார்கள். பிரிட்ஜிலோ தாளம் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. கூட்டாளி ஒரு சீட்டைப் போடுமுன் அரை நிமிஷம் யோசித்தார் என்றால், அந்தத் தயக்கத்திலிருந்து நீங்கள் ஊகித்த எதையும் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. பார்த்ததை வைத்து முடிவெடுக்காதே என்கிறது சட்டப் புத்தகம். உங்கள் மனத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு குற்றத்தை நீங்களே தடுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுகளில் இவ்வளவு நுட்பமான நேர்மையைக் கேட்கும் விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேட்டால் எல்லோரும் கொடுத்துவிடுவதில்லை. முதலில் சொன்ன அந்த மரத்தடுப்பு உலகப் போட்டிக்கு வந்தது 1975இல், பெர்முடாவில். அந்தப் போட்டியிலேயே மேஜைக்கு அடியில் கால் தட்டிச் சேதி சொன்னதாக ஒரு ஜோடி கண்டிக்கப்பட்டது; அதன்பின் கீழேயும் மறைத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து 2015இல் மறுபடி புயல். அந்தப் புயல் கரை கடந்த இடம் நம் சென்னை. செப்டம்பர் கடைசியில் உலக அணிப் போட்டி அங்கே தொடங்க இருந்த வேளையில், முன்னணி ஜோடிகள் சிலர்மேல் மோசடிக் குற்றச்சாட்டுகள் வெடித்தன. இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் விலகின. போலந்து அணியின் ஒரு ஜோடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மூன்று ஜோடி மாறி மாறி ஆட வேண்டிய இடத்தில் மிஞ்சிய நால்வரே இரண்டு வாரமும் ஆடினார்கள். அவர்களில் ஒரு ஜோடி: 60 வயதை எட்டிய பியோத்ர் காவ்ரிஷ், 19 வயது மிகாவ் குளுகோவ்ஸ்கி. தாத்தாவும் பேரனும்போல ஒரு ஜோடி. அந்த உலக அணிப் போட்டியின் பெர்முடா கோப்பையைப் போலந்து முதன்முறையாக வென்றது அங்கேதான். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் அது நடந்தது, நான் போகவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 2018 செப்டம்பர் 1, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் கொல்கத்தாவின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56. பல காலம் சேர்ந்து ஆடியவர்கள். சீன ஜோடியை 384க்கு 378 என்று பின்தள்ளித் தங்கம் வாங்கினார்கள். அதே விளையாட்டில் இந்தோனேசியாவுக்காக வெண்கலம் வென்ற பாம்பாங் ஹார்தோனோவுக்கு வயது 78. இவர்களெல்லாம் விளையாட்டு வீரர்களா என்று அப்போது கேலி பேசினார்கள். முடிவு வரும் கடைசிச் சீட்டு வரை, ஒவ்வொரு கையிலும் விழுந்த 52 சீட்டையும் கணக்கு வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர்மேல் ஒரு நொடிகூட நம்பிக்கை தளராமல் ஆடிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நம்பிக்கை என்றேன். டம்மி சீட்டை விரித்ததும் ஆடுபவர் 'நன்றி பார்ட்னர்' என்று சொல்வது வழக்கம். விரித்த சீட்டு எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கும்போதும் அதே குரலில் சொல்ல வேண்டும். தப்பான ஏலத்தால் தோற்ற கைக்குப் பிறகு அடுத்த பலகையை எடுக்கும்போது இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது. பெரிய ஜோடிகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் குணம்தான் என்பது என் தீர்மானம். சீட்டு ஞானம் அதற்குப் பிறகு.

2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இன்று நம் பள்ளிகள் பலவற்றில் சதுரங்கப் பலகை இருக்கிறது. மிக நல்லது. ஆனால் சதுரங்கத்தில் பிள்ளை தனியாக ஜெயிக்கிறான், தனியாகத் தோற்கிறான். காஞ்சிபுரத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் என் வேண்டுகோள் சிறியது. சதுரங்கம் ஆடும் அதே அறையில் ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் ஒரு கட்டுச் சீட்டும் வையுங்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருவரை முதலில் எதிரெதிரே உட்கார வையுங்கள்.