இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

2,14,74,83,647. காற்புள்ளிகளை எடுத்துவிட்டால் யாருடைய செல்போன் நம்பரோ என்று நினைப்பீர்கள். இதை ரசிக்க வேண்டுமானால் முதலில் அளவை மறந்துவிடுங்கள். கோடிகளைப் பார்த்து வாயைப் பிளப்பது ரசனையில் சேராது. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை தெரியும்தானே? 31 கட்டங்கள் வரை வைத்தால் மொத்தம் இந்த எண்தான் வரும். அதாவது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். பேருக்குக்கூட ஒரு பூஜ்யம் இல்லை.

இனி வகுத்துப் பாருங்கள். ருசியே இதில்தான். இது பகா எண். ஆனால் இப்படி இரட்டித்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களெல்லாம் பகா எண்கள் அல்ல. அடுக்கு 11 என்றால் 2047 வரும். பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருக்கும். ஆனால் 23 × 89. அந்த இரண்டு காரணிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 22-உடன் ஒன்று, 88-உடன் ஒன்று. இரண்டுமே 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். தற்செயல் இல்லை. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணானால், அதன் இருமடங்கின் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவதாகவே காரணி இருக்கும். தவிர, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும்.

1772-இல் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் நம் எண்ணைப் பகா எண் என்று நிறுவியது இந்த வழியில்தான். அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது 65, பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340 சொச்சம்; வகுத்துப் பார்க்க அதுவரை போனால் போதும். அதற்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் வைத்தால் நூறுகூடத் தேறாது! முதலில் நிற்பது 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. இப்படியே கடைசிவரை, எதற்கும் இது மசியாது.

இந்த எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகைக்குத் தானே சமமான நிறைவெண் ஒன்று கிடைக்கும். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அதனால் பயனும் இல்லை என்று 1811-இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதிவிட்டார். 1876-இலேயே அந்த வாக்கு பொய்த்தது. 2147483647-ஓ நம் கணிப்பொறிகளுக்குள் புகுந்துகொண்டது. 32 பிட்டில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கினால் மிஞ்சும் 31 பிட்டின் உச்சம் இதுதான். 1970-இலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய மென்பொருள்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அந்த உச்சத்தைத் தொடும். அடுத்த நொடியே எண் மைனஸுக்குப் போய், தேதி 1901-க்கு ஓடிவிடும்.

விஷயம் பிடிபட்டதா என்று பார்க்க, அடுக்கு 23-ஐ எடுங்கள். எண் 8388607. இரண்டு நிபந்தனைகளையும் போட்டு, நிற்கும் முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். இரண்டாவதற்குப் போக வேண்டியிருக்காது.