வள்ளுவர் பொய்க்கு உரிமம் தந்தாரா?

அன்றாட வாழ்வில் உண்மையே எப்போதும் சிறந்ததா எனும் வினா எழும்போதெல்லாம், தமிழராகிய நாம் துணைக்கு அழைப்பது 292ஆம் குறளை. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மைக்கு நிகராகும் என்பது அதன் பொருள். அக்குறளை அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து நம் வசதிக்கு வளைத்துவிட்டோமோ என எண்ணிப் பார்த்தல் நன்று.

வாய்மை யாதெனின், எவர்க்கும் சிறிதும் தீங்கு பயவாத சொல் என்கிறது 291ஆம் குறள். 323ஆம் குறளோ கொல்லாமையை முதலிலும், பொய்யாமையை அதனை அடுத்தும் வைக்கிறது. புனித அகுஸ்தீனார் பொய்யை எட்டு வகையாகப் பகுத்து எட்டையுமே விலக்கினார். கொலையாளியிடமும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார் மெய்யியலார் கான்ட். இவர்களினும் வள்ளுவர் நெகிழ்ந்தவர் என்று தோன்றலாம். ஆயினும், அவர் விதித்த நிபந்தனை கடுமையானது.

ஏலகிரிக்கு வடக்கே, பாலாற்றங்கரையில் அதனைச் சோதித்துப் பார்ப்போம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போனதென்னும் ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. இத்தகைய ஓர் ஆலையில், “கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விடுகிறீர்களா?” என ஆய்வாளர் வினவ, இல்லையென்று அறிந்த மேஸ்திரி, “ஆமாங்கய்யா” என்பதாகக் கொள்வோம். ஆலை மூடப்பட்டால் நாற்பது வீடுகளில் உலை ஏறாது. நன்மைக்காகச் சொன்ன பொய்தானே என அவரைத் தேற்றலாமா?

குறள் அதற்கு இடம் தரவில்லை. நன்மை விளைகிறது; அது குற்றமற்றதன்று. ஆற்றின் கீழ்ப்புறத்தில், அவர் முகமறியாத ஒருவரின் கிணற்றில் உப்பு ஊறுகிறது. தம்மவர்க்கு நன்மையும் பிறர்க்குத் தீங்குமாய் முடிவதை வாய்மையின் இடத்தில் வைக்க வள்ளுவர் இசையார்.

ஆயின், உண்மையின் விலை முழுவதையும் மேஸ்திரியே செலுத்தட்டும் என்பதும் அறமன்று. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது. உண்மையின் விலையையும் அவ்வாறே உரியவரிடம் கேட்க வேண்டும். மெய் சொல்லி வேலையிழந்தவர் வீட்டிற்கு ஒரு படி அரிசி கொண்டுசெல்லாத நாம், அவருக்கு வாய்மை அதிகாரத்தை விளக்கத் தகுதியுடையோம் அல்லோம்.

292ஆம் குறள் திறந்து வைத்த வாயில் மிகக் குறுகியது. பிறர் உயிர் காக்க விரைபவர் அதனுள் நுழையலாம். தம் ஆதாயத்தைச் சுமந்து வருபவர்க்கு அங்கு வழியில்லை.