பகிர்வுரையும் மெய்ப்பாடும்

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகையாகப் பகுத்துரைக்கும் தண்டியலங்காரம். அவற்றுள் தானே தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். இப்பகுப்புச் செய்யுளுக்கு உரியதே ஆயினும், இன்று சமூக ஊடகங்களில் ஒருவர் மற்றொருவர்க்குப் பகிர்வதற்கென்றே எழுதப்பெறும் சிறு கட்டுரைகளைக் காணுங்கால், அவற்றை உரைநடை முத்தகம் எனக் கொள்ளத் தோன்றுகின்றது. முன்னும் பின்னும் எதனையும் வேண்டாது, ஓரிரு நிமிடங்களில் படித்து முடித்தற்கு ஏற்ற அளவினதாய், முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உலவும் இவ்வகை எழுத்தை ஈண்டுப் ‘பகிர்வுரை’ என்னும் பெயரால் குறிப்போம். தமிழ்த்துறையினருள் பலர் இதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கருதுவதில்லை. ஆயின், சங்கப் பாடல் ஒன்றை முதன்முதலாக இத்தகைய உரை வாயிலாகவே அறிகின்றவர் இன்று மிகப் பலர். அப்பாடல் அங்கு எவ்வாறு எடுத்தாளப்படுகின்றது என்பது எம்மனோர் கடமைக்குப் புறம்பானது அன்று.

பகிர்வுரையை அளத்தற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலினும் ஏற்றதோர் அளவுகோல் இல்லை என்பது எம் கருத்து. மெய்ப்பாடு என்பதற்கு விளக்கம் கூறப்புகுந்த இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடக நூலின் கருத்தை எடுத்துக்காட்டுவர். செய்து காட்டுவோன் உள்ளத்து உணர்வு காண்போனிடத்தே சென்று எய்துதல் மெய்ப்பாடு என்பது அந்நூலார் கொள்கை. உய்ப்போன், காண்போன் என ஈண்டு இருவரே உளர். பகிர்வுரையிலோ மூன்றாம் ஒருவன் புகுகின்றான். அவன் முதலில் காண்போனாக இருந்து, பகிருங்கால் தானே உய்ப்போன் ஆகின்றான். எழுதியவன் உள்ளத்தில் எழுந்தது ஓர் உணர்வு. பிறர்க்கு அனுப்புவோன் உள்ளத்தில் எழுவது பிறிதோர் உணர்வு. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மறந்தமையாற்றான் பகிர்வுரை பற்றிய பேச்சுகள் பலவும் தெளிவின்றி முடிகின்றன.

மேலைநாட்டார் இப்பொருளை எண்ணும் அளவும் கொண்டு ஆராய்ந்துள்ளனர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜோனா பெர்கர், கேதரின் மில்க்மன் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மூன்று திங்களில் வெளிவந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் எவை வாசகரால் மின்னஞ்சல் வழி மிகுதியும் பிறர்க்கு அனுப்பப்பெற்றன என அவர்கள் நோக்கினர். வியப்பும் சினமும் அச்சமும் ஊட்டிய கட்டுரைகள் மிகுதியாகப் பரவின. துயரம் ஊட்டியவை குறைவாகவே பரவின. உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் உணர்வுகள் பகிரத் தூண்டும், ஒடுங்கச் செய்யும் உணர்வுகள் தூண்டா என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

இதனைத் தமிழ்க் குறியீட்டால் கூறின், எண்வகை மெய்ப்பாட்டுள் மருட்கையும் வெகுளியும் அச்சமும் கையிலிருந்து கைக்குச் செல்லும். அழுகை பெற்றவனிடமே தங்கிவிடும். கிளர்ச்சி, ஒடுக்கம் என்னும் விளக்கத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனோடு மற்றொன்றையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்கள் நான்கு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. ஒருவன் ஓர் உரையைப் பகிருங்கால் ‘யான் இதனை அறிந்தேன்’ என்னும் கல்விப் பெருமிதமும், ‘அறிந்ததைப் பிறர்க்கு ஈந்தேன்’ என்னும் கொடைப் பெருமிதமும், பலர் பாராட்டும் இசைமைப் பெருமிதமும் ஒருங்கே எய்துகின்றான். சினமூட்டும் உரையை அனுப்புவோனுக்குத் தறுகண்மையும் கூடுகின்றது. படிப்போன் எய்துவது மருட்கையாயினும் வெகுளியாயினும், பகிர்வோன் எய்துவது பெருமிதமே. துயர்க்கதை ஒன்றை அனுப்புவோனுக்கு இப்பெருமிதம் எளிதில் வாய்ப்பதில்லை. மருத்துவ உதவி வேண்டி எழுதப்படும் துயர உரைகள் மட்டும் விரைந்து பரவக் காண்கின்றோம் அல்லமோ? அங்கே கொடைக்கு இடம் இருக்கின்றது.

பகிர்வோன் படிப்போனின் வேறாதலை மெய்ப்பிக்கும் சான்றும் உண்டு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளரும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ட்விட்டரில் பகிரப்பெற்ற செய்தி இணைப்புகளில் 59 விழுக்காடு ஒருமுறையேனும் திறக்கப்படவில்லை எனக் காட்டிற்று. தலைப்பைக் கண்ட அளவிலே அனுப்பிவிடுகின்றனர். அந்நிறுவனமே 2020-இல், கட்டுரையைத் திறவாமல் பகிர முற்படுவோரை நோக்கி, முதலில் படிக்க விருப்பமா என வினவும் முறையைத் தொடங்கிப் பார்த்தது. எனவே, பகிர்வுக்கென எழுதுவோன் தன் திறம் முழுவதையும் தலைப்பிலும் முதல் தொடரிலும் செலவிடுதல் இயல்பே.

தலைப்பால் ஈர்த்தல் குற்றம் என்பார் கூற்றை யாம் உடன்படோம். பதிற்றுப்பத்தின் பாடல் ஒவ்வொன்றும் அப்பாடலினுள் வரும் அழகிய தொடர் ஒன்றாலேயே பெயர் பெற்றுள்ளது. தம் இயற்பெயர் மறைந்து, தாம் ஆண்ட சொற்றொடராலேயே பெயர் பெற்ற புலவரும் குறுந்தொகையுள் உளர்; செம்புலப்பெயனீரார் அவருள் ஒருவர். கேட்டார் நெஞ்சில் தைத்த ஒரு தொடர் பாடலையும் புலவரையும் தாங்கி நின்றமைக்கு இவை சான்றாம். ஆயின், அத்தொடர் பாடலுக்குள்ளிருந்து வந்தது. பாடலின் சுவையை முன்னறிவித்தது. பகிர்வுரைத் தலைப்போ பொருளை மறைத்து, ‘அடுத்து நடந்தது என்ன?’ என வினவி நிற்பது. 2012-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற அப்வொர்த்தி என்னும் நிறுவனம் ஒவ்வோர் உருப்படிக்கும் 25 தலைப்புகள் எழுதிப் பார்ப்பதை முறையாகக் கொண்டிருந்தது. அத்தகைய மறைப்புத் தலைப்புகள் பெருகவே, 2014-இல் முகநூல் நிறுவனம் அவற்றின் பரவலைக் குறைப்பதாக அறிவித்தது. பொருளுணர்த்தாப் பெயர் விரைவில் சலிப்புத் தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மருட்கைக்கு உண்மை இன்றியமையாதது அன்று என்பதே இத்துறையில் பெருந்துன்பம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் மூவர் 2018-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்தது. பொய்ச்செய்தி 1,500 பேரைச் சென்றடைதற்கு ஆகும் காலத்தினும் ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் மெய்ச்செய்திக்கு ஆயிற்று. பொய்யினது புதுமையும், அது விளைத்த வியப்பும் அருவருப்பும் காரணமாகலாம் என அவர்கள் கருதினர். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்களுள் புதுமை முன்னிற்றல் ஈண்டு நினையத்தகும். அருவருப்பை இளிவரலோடு ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை பற்றி வரும் இளிவரல் பெரும்பாலும் தன் நிலை நோக்கிய தாழ்வுணர்ச்சியாம்.

இனி, எம் துறைக்கு நேரே தொடர்புடைய இரு பாடல்களைக் காண்போம். திருவள்ளுவமாலையின் இறுதியில் ஔவையார் பெயரால் வழங்கும் செய்யுள், ஓர் அணுவினுள் எழுகடலையும் செலுத்தியதை ஒக்கும் எனக் குறளின் சுருக்கத்தைப் புகழ்கின்றது. பகிர்வுரைகளில் இச்செய்யுள், தமிழர் அணுவைப் பிளக்கும் அறிவியலைப் பண்டே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகின்றது. உவமை செய்தியாக மாறிவிட்டது. புகழப்பட்ட குறள் காணாமற் போயிற்று. படிப்போனுக்கு மருட்கையும் பகிர்வோனுக்குக் கல்விப் பெருமிதமும் கிட்டியதன்றி, செய்யுளின் பொருள் எவர்க்கும் கிட்டவில்லை.

மற்றொன்று புறநானூற்று 192-ஆம் பாட்டு. கணியன் பூங்குன்றனாரின் இப்பாட்டு 13 அடிகளை உடையது. இதன் முதலடி, அதனினும் முதலடியின் பாதி, பகிரப்பெறும் அளவுக்குத் தமிழ்த்தொடர் வேறு யாதும் பகிரப்படுவதில்லை என்றே கூறலாம். தனித்து நின்றவழி அது மாந்தர் ஒருமைப்பாட்டு முழக்கமாக, இனப்பெருமிதம் ஊட்டுவதாக அமைகின்றது. பாட்டின் எஞ்சிய பகுதியோ வேறொரு மனநிலையைக் காட்டுவது. நன்றும் தீதும் பிறர் தருதலால் வாரா, சாதலும் புதுமையன்று, வாழ்தலை இனிதென மகிழ்தலும் இல்லை, வெறுத்து இன்னாதென்றலும் இல்லை, மலையாற்று வெள்ளத்தின் வழியே செல்லும் புணைபோல் உயிர் முறைவழிச் செல்லும். இவற்றையெல்லாம் கூறிய புலவர், பெரியோரைக் கண்டு வியத்தலையும், அதனினும் முற்படச் சிறியோரை இகழ்தலையும் விலக்கி முடிக்கின்றார். மருட்கையை விலக்குமாறு முடியும் ஒரு பாட்டு, மருட்கையும் பெருமிதமும் ஊட்டும் அரையடியாகச் சுருங்கி உலகைச் சுற்றுகின்றது! பாதியைப் பகிர்ந்தவர் பொய் கூறினார் அல்லர். ஆயினும் பாட்டு அங்கே இல்லை.

பகிர்வில் முதலில் உதிர்வன பாயிர உறுப்புகளே. சிறப்புப்பாயிரத்திற்கு நன்னூலார் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயரும் எல்லையும் நூற்பெயரும் ஓரிரு கைமாற்றத்திலேயே மறைகின்றன. பயன் ஒன்றே நிலைத்து நிற்கின்றது. பெயரிழந்த உரை பெரும்பெயர் ஒன்றைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். 2015-இல் மறைந்த அப்துல் கலாம் பெயரால் அவர் கூறாதன பல வழங்குதல் யாவரும் அறிந்ததே. பண்டும் ஔவையார் பெயராலும் காளமேகப் புலவர் பெயராலும் பிறர் பாடல்கள் வந்து சேர்ந்தன. எனவே இது புதுநோய் அன்று. வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இல், பிறரிடமிருந்து வந்ததை மீண்டும் அனுப்பின் அதற்கு அடையாளமிடத் தொடங்கியது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறும் வரையறுத்தது. கைமாறி வந்தது என்பதை அவ்வடையாளம் உணர்த்தும். யார் எழுதினார் என்பதை உணர்த்தாது.

வாய்மொழியாகப் பரவிய இலக்கியம் இவ்விழப்பை முன்னரே எதிர்நோக்கியது. ஞானசம்பந்தர் தம் பெயரைப் பதிகத்தின் புறத்தே வைத்தாரல்லர்; திருக்கடைக்காப்பில் யாப்பினுள்ளேயே பிணித்தார். ஆழ்வார்கள் பலர் செய்ததும் அதுவே. பிற்காலக் கீர்த்தனையாசிரியர் முத்திரை வைத்ததும் இந்நெறி பற்றியே. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பெற்றமையால், இடையே ஒன்று விடுபடின் ஓதுவோர் நாவே அதனைக் காட்டிக்கொடுக்கும். பகிர்வுரை எழுதுவோர் கற்கவேண்டிய யாப்பு இதுவே என்போம். பாடலின் மூலமும் பாடியவர் பெயரும் அடியில் தனிவரியாக நிற்குமாயின் அவ்வரி உதிர்தல் உறுதி. பொருள் முடியும் வாக்கியத்தினுள்ளே அவை நிற்குமாயின் அவற்றை நீக்குவோன் வாக்கியத்தையே சிதைத்தல் வேண்டும்.

அங்ஙனம் எழுதின் ஈர்ப்புக் குறையும், எவரும் பகிரார் என எம் மாணவருட் சிலர் கூறுவர். அணுச் செய்யுளையே மீண்டும் நோக்குக. ஏழே சீரால் ஆகிய குறள் இத்துணைப் பொருளைத் தாங்குதல் எவ்வாறு என வியந்தவர் அதனைப் பாடினார். அவர் எய்தியதும் மருட்கையே. அதன் நிலைக்களன் தொல்காப்பியர் மூன்றாவதாக வைத்த சிறுமை. பகிர்வுரையாளர் அதனை அகற்றிவிட்டுப் புதுமையை அவ்விடத்தே நிறுத்தினர். குறள் ஒன்றை எடுத்து, அதன் ஏழு சீருள் ஒன்றையேனும் மாற்றிப் பார்க்குமாறு படிப்போனை வேண்டி, அது இயலாமையை அவன் தானே காணுமாறு செய்து, அதன்பின் ஔவையார் பெயரால் வழங்கும் அச்செய்யுளைக் காட்டும் பகிர்வுரை ஒன்றை எழுதவியலும். இருநூறு சொற்கள் அதற்குப் போதும்.