பனிக்கடலும் பயிற்சி மேடையும்

நாடகம் காண்போரை மகிழ்விப்பதோடு அமைவதன்று. வாழ்க்கைக்கு ஒத்திகை பார்க்கும் களமாகவும் அது விளங்கும். வணிக உலகமும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளது. மேலாளர்களை அவையில் அமர்த்தி, துருவப் பயண வரலாற்றின் நெருக்கடி ஒன்றை நடித்துக் காட்டி, முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் கதையை நிறுத்தி, 'நீங்கள் தலைவராயின் என்ன செய்வீர்கள்?' என வினவும் பங்கேற்பு நாடகம் தலைமைப் பயிற்சியின் ஒரு வகையாக உருவாகியுள்ளது. அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தல், நாடகத்தைக் கல்விக் கருவியாகக் கொள்வோர்க்குப் பயன் தரும்.

இவ்வகை நாடகத்தின் முதற்சிறப்பு, அது பிற்கால அறிவின் செருக்கை அகற்றுவதாகும். 1912ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தென்துருவத்தை நெருங்கிய இராபர்ட் ஸ்காட், நால்வர் குழுவுக்கென வகுக்கப்பட்ட ஏற்பாட்டில் ஐந்தாமவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். துருவத்தை அடைந்த ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர். நூலில் படிப்போர் முடிவை அறிந்தே படிப்பதால் பிழை எளிதிற் புலப்படுகின்றது. மேடையில் பங்கேற்பவரோ, அந்நாளைய குளிரையும் ஆவலையும் அறியாமையையும் தாமும் ஏற்று நின்று விடை கூற வேண்டியவராகிறார். நூலறிவு தர இயலாத பயிற்சி இது.

ஆயினும், பயிற்சி மேடை பெரிதும் விரும்புவது ஸ்காட்டை அன்று, எர்னஸ்ட் ஷேக்கல்டனையே. அவருடைய 'என்டியூரன்ஸ்' கப்பல் 1915 சனவரியில் வெடல் கடலின் பனியிற் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. பனிப்பரப்பில் பல திங்கள் தங்கிய 28 பேரும் 1916 ஏப்பிரலில் படகுகளில் யானைத் தீவை அடைந்தனர். அங்கிருந்து ஷேக்கல்டனும் ஐவரும் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள படகில் 1,300 கிலோமீட்டர் கடந்து தென் ஜார்ஜியாவை எய்தினர். எஞ்சிய 22 பேரும் ஆகஸ்டு 30ஆம் நாள் மீட்கப்பட்டனர். 'ஓர் உயிரையும் இழவாத தலைவர்' என்னும் புகழுரை இதனால் எழுந்தது. 2001இல் அவர் தலைமையை வணிகர்க்குப் பாடமாக்கிய ஆங்கில நூலும் வெளிவந்தது.

இப்புகழுரை முழு உண்மையன்று. அதே பயணத்திற்காக, கண்டத்தின் மறுபுறத்தில் உணவுக் கிடங்குகள் அமைக்க ராஸ் கடற்குழு ஒன்று அனுப்பப்பட்டிருந்தது. 1915 மே மாதத்தில் புயல் அவர்தம் கப்பலை அடித்துச் செல்ல, கரையில் பதின்மர் தனித்து விடப்பட்டனர். எவ்வழியாலும் வந்து சேராத தலைவருக்காகக் கிடங்குகளை அமைத்து முடித்த அக்குழுவில் ஸ்பென்சர் ஸ்மித், மெக்கின்டாஷ், ஹேவர்டு ஆகிய மூவர் 1916இல் மாண்டனர். வெற்றிக் கதையை மட்டும் மேடையேற்றும் பயிற்சி இம்மூவரையும் இரண்டாம் முறை பனியில் விட்டு வருகின்றது.

மற்றொருவர் கப்பல் தச்சரான மெக்னிஷ். 1915 டிசம்பர் இறுதியில், கனத்த படகுகளைப் பனிமேல் இழுத்துச் செல்வது வீண் என அவர் மறுத்து நின்றார்; கப்பலே இல்லாதபோது கப்பல் ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாது என வாதிட்டார். ஷேக்கல்டன் அவரை அடக்கினார். எனினும் சில நாள்களிலேயே அவ்விழுப்புப் பயணம் கைவிடப்பட்டது. பின்னர், தென் ஜார்ஜியா சென்ற படகின் பக்கங்களை உயர்த்தி மேற்கூரை அமைத்து அதனைக் கடலுக்கு ஏற்றதாக்கியவரும் அம்மெக்னிஷே. அறுவர் உயிரையும் அப்படகு காத்தது. ஆயினும் துருவப் பதக்கம் அவருக்கு மறுக்கப்பட்டது.

ஈண்டுப் பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்டோ போவாலை (1931–2009) நினைத்தல் தகும். அவர் வகுத்த மன்ற அரங்கில், தோல்வியில் முடியும் காட்சி மீண்டும் நடிக்கப்படும்; அவையோர் 'நிறுத்து' எனக் குரல் கொடுத்து மேடையேறுவர். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல் ஒருவர் மேடையையும் அவையையும் இணைத்து நிற்பார். ஆனால், அவையோர் ஏற்பது ஒடுக்கப்பட்டவனின் இடத்தையே. அதிகாரம் உடையவனின் இடத்தையன்று. வணிகப் பயிற்சி இவ்வடிவத்தைக் கைக்கொண்டு, அதன் உயிரான இவ்விதியைத் தலைகீழாக்கியது. அங்கு அனைவரும் ஷேக்கல்டனாகவே எழுகின்றனர். மெக்னிஷாக எழுவார் இலர்.

தலைமையைக் கற்பிக்க விழையும் மேடை, தலைவனின் நாற்காலியை மட்டும் காட்டுமாயின் அது புகழ்பாடலாகவே முடியும். மேலாளர் ஒருவர் ஒரு நாழிகையேனும் தச்சராக நின்று, தம் சொல் மறுக்கப்படும் வலியை உணர்ந்தால், மறுநாள் தம் அலுவலகத்தில் மறுத்துப் பேசும் ஊழியரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பார். பள்ளி மேடைக்கும் இது பொருந்தும். அரசன் வேடத்தை நன்கு பேசும் மாணவனுக்கே ஆண்டுதோறும் அளிக்கும் ஆசிரியர், அவனுக்கு ஒருமுறை காவலன் வேடத்தையும் அளித்துப் பார்த்தல் வேண்டும்.